மந்திரியின் இடது காது

என்னிடம் ஒரு பத்திரிகைப் படம் இருக்கிறது. அது எனக்குரியது அல்ல. கொடுக்கவேண்டியவரிடம் கொடுக்காமல் வைத்துக்கொண்டிருக்கிறேன். அலுமாரியில் என் சேலைகளுக்கு அடியில் இரண்டு தடித்த மட்டைகளுக்கு நடுவே கிடக்கிறது. படத்தில் ஒரு மேடை. மேடையில் பன்னிரண்டு ஆண்கள் வரிசையாக நிற்கிறார்கள். எல்லோர் தலையிலும் தொப்பி. கீழே படை அணிவகுத்துப் போகிறது, ஆனால் படத்தில் துப்பாக்கி முனைகள் மட்டுமே தெரிகின்றன. ஒவ்வொரு தொப்பிக்கும் மேலே பென்சிலால் சின்னதாக ஓர் எண் எழுதப்பட்டிருக்கிறது. நடுவில் நிற்பவருக்கு ஒன்று. அவரின் வலக்கைப் பக்கம் நிற்பவருக்கு இரண்டு. இடக்கைப் பக்கம் நிற்பவருக்கு மூன்று. மூன்று என்று எழுதும்போது கை அழுத்தியிருக்கிறது. அந்த இடத்தில் கடதாசி ஓட்டையாகிவிட்டது.

எழுதியவர் என்னோடு சலவைக்கூடத்தில் வேலை செய்தவர். நான் எழுபத்து நாலின் முடிவில் சிட்னிக்கு வந்தேன். என் கணவருக்கு ரயில் பெட்டிகள் திருத்தும் இடத்தில் மின்வேலை கிடைத்திருந்தது. பரமற்றாவுக்குப் பக்கத்தில் இரண்டு அறை வீடொன்றில் இருந்தோம். அந்த நாட்களில் தெருவில் ஒரு சேலையைக் கண்டால் பின்னால் ஓடிப்போய்ப் பேசவேண்டும் போலிருக்கும். ஆனால் நான் ஓடமாட்டேன். பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புவரை கடைசி வாங்கில் இருந்து படித்தவள் நான். ஆங்கிலத்தில் ஒரு வசனம் சொல்வதற்கு முன் அதை மனதுக்குள் மூன்று தரம் சொல்லிப் பார்ப்பேன். அதற்குள் பேச்சு வேறு எங்கேயோ போய்விடும். சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டவற்றை எல்லாம் சேர்த்தால் எனக்கு இன்னொரு வாழ்க்கை இருந்திருக்கும்.

சலவைக்கூடத்துக்கு ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகள் லொறி லொறியாக வரும். வெளுத்த ஈர விரிப்பை இரண்டு பேர் இரு முனைகளில் பிடித்துச் சூடான உருளைக்குள் விடவேண்டும். இருவருடைய கையும் ஒத்துப்போகாவிட்டால் விரிப்பு கோணிக்கொண்டு போகும், மேற்பார்வைக்காரியின் முகமும் கோணும். என் எதிர்முனையில் நின்றவருக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். கிழக்கு ஐரோப்பாவில் கம்யூனிஸ்ட் ஆட்சி நடந்த ஒரு நாட்டிலிருந்து வந்தவர். தன் நாட்டின் பெயரைச் சொல்லும்போதெல்லாம் குரலைத் தாழ்த்துவார். அதனால் நானும் இங்கே அதை எழுதவில்லை. பதினொரு வருடங்கள் அந்த நாட்டுப் பாதுகாப்பு மந்திரியின் கார்ச் சாரதியாக இருந்தவர். நான் அவரை மனதுக்குள் சாரதி என்றுதான் அழைத்தேன். அவருடைய ஆங்கிலமும் என்னுடையதும் ஒரே அளவில் ஓட்டை. நாங்கள் பேசியதை என் ஊர்த் தமிழில் எழுதினால்தான் அது நாங்கள் பேசியதுபோல இருக்கிறது.

அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. எங்களோடு மோல்டாத் தீவுக்காரி ஒருத்தி வேலை செய்தாள். விரிப்பு மடிக்கும் மேசையிலிருந்து நாள்தோறும் கேட்பாள்: "என்ன, உன்ர மந்திரி இண்டைக்கு என்ன சொன்னவர்? விரிப்பை மடிக்கச் சொன்னவரோ, சண்டைக்குப் போகச் சொன்னவரோ?"

"ரெண்டுக்கும் அவர் கட்சியைக் கேக்கவேணும்," என்பார் சாரதி, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

நான் நம்பினேன். காரணம் அவர் கார் ஓட்டிய விதம். அவரிடம் ஒரு பழைய பச்சைக் கார் இருந்தது. என் மகள் வயிற்றில் இருந்த மாதங்களில் பின்னேரம் வேலை முடிந்ததும் என்னை அதில் வீட்டில் கொண்டுபோய் விடுவார். கியர் மாறியதை நான் ஒருநாளும் உணரவில்லை. அந்த நாட்டில் படை நாள் என்று ஒன்று உண்டாம். அன்றைக்குப் பாதுகாப்பு மந்திரி திறந்த காரில் எழுந்து நின்றபடி சதுக்கத்தைச் சுற்றி வருவார். ஒவ்வொரு படையணிக்கும் முன்னால் கார் நிற்கும். அவர் சுகம் கேட்பார், ஆயிரம் தொண்டைகள் ஒரே குரலில் பதில் சொல்லும். ஒரு கை தொப்பி விளிம்பில் இருக்கும், மறு கை மட்டும் கம்பியைப் பிடித்திருக்கும். கார் புறப்படும்போதோ நிற்கும்போதோ அவர் ஒரு விரற்கடை ஆடினாலும் நாடு முழுவதும் பார்க்கும். அதற்காக வசந்த காலத்திலிருந்தே சாரதி பயிற்சி செய்வாராம். பின்னாசனத்தின் கீழே விளிம்புவரை தண்ணீர் நிரப்பிய ஒரு கிளாசை வைப்பார். ஒரு துளி சிந்தினால் அன்று தனக்கு மதியச் சாப்பாடு இல்லை. மந்திரி கேட்டு அவர் அப்படிச் செய்யவில்லை, தானே தனக்குப் போட்ட தண்டனை.

மந்திரி என்றால் என் மனதில் இருந்தது வேறு படம். எங்கள் நாட்டில் மந்திரி வீட்டு வாசலில் வேலை கேட்டு வரிசை நிற்கும், பாலம் திறக்க வருபவருக்குக் கழுத்து மறையும்வரை மாலை விழும். ஒருநாள் நான் கேட்டேன், "உங்கட மந்திரி எலெக்சனில தோத்தால் நீங்கள் ஆருக்கு ஓடுவீங்கள்?"

அவர் விரிப்பை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். விரிப்பு கோணிக்கொண்டு போயிற்று.

"பிள்ளை, அங்க எலெக்சனில தோக்கிறேல்ல. ஒரு நாள் காலமை கார் வராது. அவ்வளவுதான்."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, உருளையின் இரைச்சலுக்கு மேலே, எனக்கு விளங்கப்படுத்தினார். அந்த மந்திரி போரில் சண்டை செய்தவர், உண்மையான படைவீரர். அவர் சொன்னால் உயிரைக் கொடுக்க ஆட்கள் இருந்தார்கள். ஆனால் கட்சித் தலைவரின் தொலைபேசி அடிக்காமல் ஒரு டாங்கியை ஒரு முழம் நகர்த்த அவருக்கு உரிமையில்லை. ஒவ்வொரு தளபதியின் பக்கத்திலும் கட்சி ஆள் ஒருவர் இருப்பார். மந்திரியின் பக்கத்தில் அவருடைய காரியதரிசியே அந்த ஆள். கட்சிக்குப் படையிடம் பயம், படைக்குக் கட்சியிடம் பயம், இரண்டுக்கும் நடுவில் ஒரு தொப்பி. "அந்தத் தொப்பிக்குள்ள இருக்கிற மனுசன் காருக்குள்ள மட்டும்தான் கதைப்பார்," என்றார். யார் உயர்ந்தார், யார் விழுந்தார் என்று அங்கே அறிவிப்பு வராது. படை நாள் மேடையில் யார் எந்த இடத்தில் நிற்கிறார் என்பதே அறிவிப்பு. மறுநாள் பத்திரிகையில் படம் வந்ததும் இறைச்சிக் கடைக்காரரிலிருந்து பள்ளிக்கூட வாத்தியார்வரை எல்லோரும் தொப்பிகளை எண்ணுவார்களாம். நாங்கள் பஞ்சாங்கம் பார்ப்பதுபோல.

என் குரல் சின்னது. உருளையின் இரைச்சலில் அது எதிர்முனைக்குப் போய்ச் சேராது. ஒருநாள் நான் ஏதோ மூன்றாம் தரம் சொன்னபோது, சாரதி சுற்றிவந்து பக்கத்தில் நின்று, கழுத்தைச் சாய்த்து, வலது காதைக் காட்டினார். காட்டிய பிறகு தானே திடுக்கிட்டார்.

"எனக்கு ரெண்டு காதும் கேக்கும். இது என்ர மந்திரியின்ர பழக்கம். எனக்குத் தொத்திப்போச்சு."

அந்த வாரம் முழுவதும் யோசித்துவிட்டு, யாரிடமும் சொல்லாததை என்னிடம் சொன்னார். இளம் வயதில் பீரங்கி வெடித்து மந்திரிக்கு இடது காது போய்விட்டது. அது வெளியே தெரிந்தால் காது கேளாதவருக்குப் படை எதற்கு என்று அடுத்த நாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். படை நாளில் அவருடைய இடம் தலைவரின் வலக்கைப் பக்கம். நாட்டில் இரண்டாவது பெரிய இடம். ஆனால் அங்கே நின்றால் தலைவர் இருப்பது அவருடைய செத்த காதின் பக்கத்தில். இரண்டு மணித்தியாலம் தலைவர் காதோரம் ஏதேதோ சொல்லிக்கொண்டிருப்பார். அது பகிடியா, கட்டளையா, கேள்வியா என்று இவருக்குத் தெரியாது. தப்பான இடத்தில் சிரித்துவிடுவேனோ என்ற பயத்தில் சிரிக்கவே மாட்டார். அதனால் கல்முகத்தான் என்று பெயர் வாங்கினார். மேடைக்குப் பின்னால் மற்றச் சாரதிகளோடும் மெய்க்காவலர்களோடும் நின்று, சொட்டுச் சொட்டாக வரும் கதைகளைச் சேர்த்து, திரும்பும் வழியில் அவருக்குச் சொல்வது இவருடைய வேலை.

"அவற்ர இடது காது நான்தான், பிள்ளை."

பிறகு, பொலிசையும் உளவையும் கையில் வைத்திருந்த உள்நாட்டு மந்திரியின் ஆட்கள் சாரதியை இரண்டு தரம் கூப்பிட்டு, பாதுகாப்பு மந்திரியின் உடம்பு எப்படி என்று விசாரித்திருக்கிறார்கள். அந்த இரண்டு மந்திரிகளுக்கும் ஆகாது. அதே காலத்தில் சிட்னியில் இருந்த சாரதியின் தமக்கை படுத்த படுக்கையாகிவிட்டார். பார்த்துவிட்டு வர மூன்று மாத அனுமதியில் மந்திரியே கையெழுத்திட்டார். சாரதியின் மனைவி ஏற்கனவே இறந்துவிட்டார். பதினொரு வயது மகளை மட்டும் மனைவியின் சகோதரியிடம் விட்டுவரவேண்டும். வெளியே போகிறவர் திரும்பி வருவதற்கு வீட்டில் ஒருவரைப் பிடித்து வைப்பது அங்கே வழக்கம். புறப்படுவதற்கு முதல் நாள், காருக்குள், மந்திரி சொன்ன வார்த்தைகளைச் சாரதி ஒரு சொல்லும் மாற்றாமல் எனக்குப் பல தரம் சொல்லியிருக்கிறார்: "திரும்பி வராதே. மூன்று வருடம் பொறு, சூடு ஆறட்டும். பிறகு எனக்குப் புதுவருட வாழ்த்து எழுது. எனக்கு விளங்கும். பிள்ளையை அனுப்பிவைக்கிறேன். எழுதுவதற்கு முன், நான் அந்த இடத்தில் நிற்கிறேனா என்று மட்டும் பார்த்துக்கொள்."

தமக்கையை அடக்கம் செய்துவிட்டு, கொஞ்சக் காலம் புதிதாகக் குடியேறுபவர்களுக்கான வில்லாவுட் விடுதியில் இருந்துவிட்டு, அவர் சலவைக்கூடத்துக்கு வந்தார். மகள் வருடத்துக்கு ஒருமுறை ஒரு கடதாசியில் தன் பாதத்தை வைத்துப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு அனுப்புவாள். அவர் அதை மடிக்கும் மேசையில் விரித்து, தன் உள்ளங்கையை அதன் மேல் வைத்துப் பார்ப்பார். பிறகு அந்த அளவுக்கு மேல் ஒரு அளவு சப்பாத்து வாங்கிக் கப்பலில் அனுப்புவார். போய்ச் சேரும்போது கால் வளர்ந்திருக்கும் என்பது அவர் கணக்கு. மோல்டாக்காரிகூட அந்தக் கடதாசியைக் கண்டால் பகிடி விடமாட்டாள். "பிள்ளைக்கு நல்ல அகலப் பாதம்," என்பாள், அவ்வளவுதான்.

மூன்றாம் வருடம் முடிகிற டிசம்பர் அது. வெளியே நூறு பாகை வெயில், உள்ளே அதைவிட மோசம். எனக்கு ஏழாம் மாதம். வாழ்த்துக் கடிதம் எழுதி ஒட்டி அவருடைய சட்டைப் பையில் இருந்தது. கிரான்வில்லில் அவருடைய நாட்டுக்காரர் ஒருவர் ரொட்டிக்கடை வைத்திருந்தார், அந்த நாட்டுப் பத்திரிகை இரண்டு மாதம் பிந்தி அங்கே வரும். தேத்தண்ணி நேரத்தில் சாரதி அதை மேசையில் விரித்தார். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு தொப்பிகளுக்கு மேலே எண் எழுதத் தொடங்கினார். இரண்டு என்று எழுதிவிட்டு நின்றார். அந்த இடத்தில் நின்றவர் உள்நாட்டு மந்திரி. பாதுகாப்பு மந்திரி தலைவரின் இடக்கைப் பக்கத்தில் நின்றார். பென்சில் கடதாசியைக் கிழித்தது அப்போதுதான்.

"ஒரு படிதானே," என்றேன்.

"படியில கால் வழுக்கினால் ஒரு படியோட நிக்காது. இனி அவருக்கு வாற கடிதத்தை ஆர் உடைப்பினம் எண்டு நினைக்கிறாய்? ஓடிப்போன சாரதியின்ர கடிதம். அது என்ர பிள்ளையின்ர கழுத்தில கட்டிற கல்லு."

நான் பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். அந்த முகத்தை முந்திய வருடங்களின் படங்களில் அவர் எனக்குக் காட்டியிருக்கிறார். அது எப்போதும் கல்லாகவே இருக்கும். இந்தப் படத்தில் தலைவரின் வாய் திறந்திருந்தது. மந்திரியின் தலை அவர் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தது.

"சிரிக்கிறார்," என்றேன்.

"விழப்போற மனுசன் சிரிப்பான்."

அப்போது என் மனதில் அந்த வசனம் வந்தது. இடக்கைப் பக்கம் நின்றால் தலைவர் அவருடைய வலது காதுக்கு அல்லவா வருவார்? இதை எப்படி ஆங்கிலத்தில் சொல்வது என்று ஒரு தரம் சொல்லிப் பார்த்தேன். இரண்டாம் தரம் சொல்லிப் பார்த்தேன். அவருக்குத் தெரியாததா, அந்தக் காதே அவர்தானே, பத்தாம் வகுப்புப் படித்த நான் யார் சொல்வதற்கு என்று இன்னொரு குரல் சொன்னது. மணி அடித்தது. நாங்கள் உருளைக்குத் திரும்பினோம்.

அன்றிரவு என் கணவரிடம் சொன்னேன். "அப்ப அந்தாளுக்குச் சொல்லுமன். சொன்னால் என்ன, தலையே போகப்போகுது?" என்றார். ஆங்கில வசனத்தையும் திருத்திக் கொடுத்தார். காலையில் அதைப் பாடம் செய்துகொண்டு போனேன். கொதிகலன் அறை வாசலில் சாரதி நின்றார். சட்டைப் பை தட்டையாக இருந்தது. "எரிச்சுப்போட்டன்," என்றார். "இண்டைக்கு விரிப்பு கனக்க இருக்கு, வா."

இன்னொரு கடிதம் எழுதலாமே என்று எவரும் கேட்கலாம். நானும் என்னையே கேட்டிருக்கிறேன். எரிந்த கடிதத்தின் முன்னால் நின்று, அது எரிந்திருக்க வேண்டியதில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த வாரம் சொல்வோம் என்று நினைத்தேன். பிரசவத்துக்குப் பிறகு சொல்வோம் என்று நினைத்தேன். அம்மா பக்கத்தில் இல்லாமல் பெற்றேன். ஆஸ்பத்திரியிலிருந்து என்னையும் குழந்தையையும் கொண்டுவந்தது அந்தப் பச்சைக் கார்தான். குழந்தை வழியெல்லாம் நித்திரை. வீட்டு வாசலில் அவர் இறங்கி, அவளின் பாதத்தை விரலால் அளந்து பார்த்துவிட்டுக் காரில் ஏறிப் போனார். அடுத்த டிசம்பரில் படம் வந்தது. மந்திரி அதே இடக்கைப் பக்கம். "பார், எழும்பவேயில்லை," என்றார். அதற்கடுத்த டிசம்பரிலும் அப்படியே. இப்போது சொன்னால் போன வருடங்களும் என் கணக்கில் வந்துவிடும். முதல் நாள் சொல்லாமல் விட்டதுதான் பிறகு என்னால் சொல்லவே முடியாததாயிற்று. எழுபத்து ஒன்பதின் குளிர்காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் தன் அறையில் கதிரையில் இருந்தபடியே இறந்துபோனார். வீட்டுக்காரி அவருடைய பூதக்கண்ணாடியையும் ஒரு சப்பாத்துப் பெட்டியையும் கொண்டுவந்து என்னிடம் தந்தாள். பெட்டிக்குள் ஆறு பாதக் கோடுகளும் பத்திரிகைப் படங்களும் இருந்தன.

அந்த நாடுகளில் ஆட்சி மாறிக் கதவுகள் திறந்த பிறகு மகள் வந்தாள். நாங்கள் அப்போது கிரவீனுக்கு வீடு மாறியிருந்தோம். முப்பது வயதுக்கு மேல், அகலத் தோள், அப்பாவின் நடை. கல்லறைக்குக் கூட்டிப்போனேன். திரும்பி வந்து குசினியில் இருந்து தேத்தண்ணி குடித்தோம். முன்னாள் மந்திரியைத் தேடிப்போய்ப் பார்த்ததாகச் சொன்னாள். காதில் கருவி மாட்டிக்கொண்டு, சின்ன வீடொன்றில் தக்காளி நட்டுக்கொண்டிருந்தாராம்.

"அந்தாள் என்னைக் கண்டதும் அழுதிட்டார், அன்ரி. ஏன் உன்ர அப்பா எழுதேல்லை எண்டு கேட்டார். அஞ்சு வருசம் பார்த்துக்கொண்டிருந்தவராம். கண்ணில வெயில் படுகுது எண்டு சாட்டுச் சொல்லி மேடையில பக்கம் மாறி நிண்டவராம். காது கேக்கட்டும் எண்டு. அதுக்குப் பிறகுதான் தலைவரோட நல்லா ஒட்டினதாம். என்ன கேட்டிருந்தாலும் கிடைச்சிருக்கும் எண்டார். ஏன் அப்பா எழுதேல்லை? உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியாது," என்றேன். என் வாழ்க்கையில் யோசிக்காமல், ஒத்திகை பார்க்காமல், உடனே சொன்ன ஒரே ஆங்கில வசனம் அதுதான்.

பெட்டியைக் கொடுத்தேன். அவள் ஆறு கடதாசிகளையும் நிலத்தில் வரிசையாக வைத்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, கடைசிக் கோட்டின் மேல் பாதத்தை வைத்துப் பார்த்தாள். சரியாக இருந்தது. அப்பா அனுப்பிய சப்பாத்துகள் எல்லாம் கொஞ்சம் பெரிது, பஞ்சு அடைத்துப் போட்டுக்கொண்டு போவேன் என்று சொன்னாள். பெட்டிக்குள் இந்த ஒரு படம் மட்டும் இல்லை. அவள் வருவதற்கு முதல் நாளே நான் அதை எடுத்து வைத்துவிட்டேன்.

அவள் எழுதும் நத்தார் வாழ்த்துகளில் கடைசி வரி இன்னமும் அந்தக் கேள்விதான். பதிலை ஆங்கிலத்தில் எழுத என்னால் முடியவில்லை. அதனால்தான் முதலில் இதைத் தமிழில் எழுதுகிறேன். என் மகள் மொழிபெயர்ப்பாள். அவளுக்கும் இன்றுதான் தெரியவரும். இதோடு இந்தப் படத்தையும் வைத்து அனுப்பப்போகிறேன்.

மட்டைகளுக்குள் வைப்பதற்கு முன் இன்னொரு தரம் பார்க்கிறேன். எனக்கு இப்போது வெறுங்கண்ணால் எழுத்துத் தெரிவதில்லை, அவருடைய பூதக்கண்ணாடி வேண்டும். பதினொரு முகங்கள் நேரே பார்த்துக்கொண்டிருக்கின்றன. ஓட்டைக்குக் கீழே, இடக்கைப் பக்கம், ஒரு முகம் மட்டும் சாய்ந்து, தன் காதில் விழுந்த எதையோ கேட்டுச் சிரிக்கிறது.